பட்டம் வாங்காத வைத்தியர்கள் - ஒரு சின்ன வரலாறு

விருத்தாசலம் என்றதும் ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் ஞாபகம் வரும். பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில். வியாபாரிகளுக்குப் பீங்கான். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போன சாமான்களுக்குக் கணக்கே இல்லை.

இதே ஊரில் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்று இருக்கிறது. அங்கே தருவது பட்டம் இல்லை, டிப்ளமோ. பத்தாவது முடித்த பிள்ளை போய்ச் சேர்ந்து, மண்ணையும் சூளையையும் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம். "பி.ஏ., பி.எஸ்ஸி. இல்லாமல் இவனுக்குச் சூளையைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாரும் கேட்பதில்லை. சூளைக்குத் தெரிந்தது வேலை தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசம் மட்டும்தான்.

சரி, பீங்கானுக்கு இது சரி. மருத்துவத்துக்கு? உயிர் விஷயம் ஆச்சே!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்த மாதிரி ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலையில் ஆசை. 2017 முதல் நீட் என்ற வாசல் வேறு. ஐந்தரை வருடம் படிக்க வைக்க வசதி இல்லை. "டாக்டர் ஆகலைன்னா அப்புறம் என்ன இருக்கு?" என்று அப்பா கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் 1835 வரைக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு மூத்த பள்ளிக்கூடம்

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். சென்னையில் ஆங்கில மருத்துவம் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1835 பிப்ரவரி 2. அதாவது பல்கலைக்கழகம் பிறப்பதற்கு 22 வருடம் முன்பே!

அன்றைய கவர்னர் சர் ஃப்ரெடெரிக் ஆடம். பொது மருத்துவமனையை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி. அதில் சேர்ந்தவர்களுக்குப் பெயர் 'அப்ரன்டிஸ்', நம்ம பாஷையில் தொழில் பழகுநர். கம்பெனிப் படைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து ஒரு சர்ஜனைக் கப்பலில் கொண்டுவரும் செலவில் இங்கேயே எத்தனையோ உதவியாளர்களைத் தயார் செய்துவிடலாம். ஆக, தொடக்கத்தில் இது தர்மக் கணக்கு இல்லை, சுத்தமான வரவு செலவுக் கணக்கு.

ஐரோப்பிய வம்சாவளிப் பையன்கள் அப்போத்திக்கரிகளாகத் தயாரானார்கள். நாட்டுப் பையன்கள் 'டிரஸ்ஸர்' ஆனார்கள். டிரஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். பெயர்தான் அப்படி. சர்ஜன் இல்லாத இடத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, அம்மை குத்துவது, எலும்பு முறிந்தால் சேர்த்து வைப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். இந்தப் பள்ளி 1850-ல் கல்லூரி ஆகி, பிறகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இன்றைக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. அவ்வளவு பெரிய கல்லூரிக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் பட்டம் இல்லாத பழகுநர்கள்!

'டிரஸ்ஸர்' என்ற சொல் கடலும் தாண்டியது. மலாயாவில் ரப்பர் தோட்டத் தமிழர்களுக்கு டாக்டர் என்றால் பெரும்பாலும் தோட்டத்து டிரஸ்ஸர்தான்.

மானிப்பாயில் ஒரு தமிழ் மருத்துவப் பள்ளி

இந்த வரலாற்றிலேயே சுவாரஸ்யமான அத்தியாயம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1847-ல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மறு வருடமே மானிப்பாயில் வைத்தியத்தோடு வகுப்பும் ஆரம்பமானது. பல்கலைக்கழகம் இல்லை, பட்டம் இல்லை. நோயாளியின் கட்டிலோரம்தான் வகுப்பறை.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த பையனுக்கு அரசாங்கச் சம்பளம் காத்திருக்கிறது. அவன் கிளம்பிப் போய்விடுவான். வைத்தியம் யாருக்குத் தேவையோ அந்தக் கிராமம் அப்படியே இருக்கும். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே தங்கி, ஊராரோடு ஒருவனாகத் தொழில் செய்வான் என்று கிரீன் கணக்குப் போட்டார். 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றினால் போதுமா? புத்தகம் வேண்டாமா? அதற்கும் அவரே உட்கார்ந்தார். தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பிரசவ வைத்தியம் 1857-ல் வந்தது. அறுவை சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' 1867-ல். உடற்கூறுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல். வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' 1875-ல். உறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழில் கலைச்சொல் தேடித் தேடித் தொகுத்தார். "தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா?" என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் படித்தே காட்டியிருக்கிறார்கள்!

கிரீனிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் பாதிக்கு மேல் தமிழிலேயே படித்தவர்கள். 1873-ல் அவர் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. 1884-ல் காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னவர் அவர். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது.

ஆனால் அவருக்குப் பிறகு தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. ஒருவரின் உழைப்பில் நின்ற பள்ளிக்குச் சட்டத்தின் அங்கீகாரமோ, அரசாங்க வேலையோ, அடுத்த படிப்புக்கு ஏணியோ இல்லை. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

பெண்கள் நுழைந்த வாசல்

நம் ஊர்களில் பிரசவம் பார்த்தது யார்? மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே பெயர் உண்டு. ஆண்கள் கத்தி பிடித்துக் கட்டி கீறினார்கள், பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். கைப்பழக்கமாக, தாயிடமிருந்து மகளுக்கு வந்த கல்வி. ஊரே அவர்கள் கையில் பிறந்தது. ஆனால் அந்தக் கையைத் தீட்டு என்று சொன்னதும் அதே ஊர்தான்.

1844-ல் சென்னை எழும்பூரில் அரசு பிரசவ ஆஸ்பத்திரி திறந்தார்கள். 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போருக்குக் கிளம்பிய அதே வருடம் அது. லண்டனில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி வந்ததே 1860-ல்தான். 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தபோது மாணவிகள் நான்கே நான்கு பேர்.

1875-ல் இன்னொரு சம்பவம். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண், வக்கீல் ஒருவரின் மனைவி. இங்குள்ள பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டாமல் சாகிறார்களே என்று மருத்துவம் படிக்க விரும்பினார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் ஆதரித்தார். ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. எப்படி? பட்டப்படிப்புக்கு அல்ல, மூன்று வருட சான்றிதழ் படிப்புக்கு. அந்த நேரத்தில் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை. பெரிய வாசல் பூட்டியிருந்தபோது, சென்னையில் சின்ன வாசல் வழியாகப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். ஷார்லீப் 1878-ல் முடித்து, பிறகு லண்டன் போய் 1882-ல் பட்டமும் வாங்கினார்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

விருத்தாசலமும் திண்டிவனமும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான். அந்தத் திண்டிவனத்தில் 1890-களில் நடந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மிஷனரி டாக்டரின் மகளான ஐடா ஸ்கடர் படிப்பு முடித்து அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று கணவன்மார் தனித்தனியாக வந்தார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா வருவதாகச் சொன்னார். "ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது, நீங்க வாங்கம்மா" என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. (ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடரும் மருத்துவ மிஷனரிதான். கிரீனுக்கு முன்பே யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர்!)

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து 1900-ல் வந்தார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி. இங்கே கவனிக்க வேண்டியது அவர் போன வரிசை. முதலில் 1903-ல் கம்பவுண்டர் பயிற்சி. பிறகு 1909-ல் நர்சிங் பள்ளி. அதற்கும் பிறகு 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குக் கட்டிக்கொண்டே போனார்.

அந்த 1918 பள்ளி கொடுத்தது எம்.பி.பி.எஸ். அல்ல. எல்.எம்.பி. என்ற டிப்ளமோ, நான்கு வருடப் படிப்பு. முதல் அணியில் 1922-ல் 14 பெண்கள் முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்து ராத்திரி மறுபடி வந்தால் கதவைத் திறக்க இனி 14 பேர் இருந்தார்கள். அவர்களில் யாரிடமும் பட்டம் இல்லை.

எல்.எம்.பி. காலம்

கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் டாக்டர் பலகையில் 'எல்.எம்.பி.' என்று இருக்கும், கவனித்திருக்கலாம். உரிமம் பெற்ற வைத்தியர் என்று அர்த்தம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, மருத்துவப் பள்ளிகளில் படித்து, அரசாங்கப் பரீட்சை எழுதி வந்தவர்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய பெயர் ராயபுரம் மருத்துவப் பள்ளி. இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் பழைய முகம் அது. ஶ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அங்கே படித்தவர்தான். பர்மாவில் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்து போய் மேலே படித்தவர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்துக்கு அமைச்சர் ஆனார். இந்தியாவின் முதல் பொது சுகாதாரச் சட்டம் என்று சொல்லப்படும் 1939 சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் அவர் காலத்தில் வந்தது.

சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியத்துக்கும் இதே மாதிரி ஒரு வழி இருந்தது. 1921-ல் அமைத்த முகமது உஸ்மான் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1920-களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுவும் கொடுத்தது பட்டம் அல்ல, உரிமம்.

இவர்களுக்குக் கீழே இன்னொரு அணி. கம்பவுண்டர்! டாக்டர் சீட்டில் எழுதியதைப் பார்த்துப் பொடியை அளந்து, கல்வத்தில் அரைத்து, கலவை கலக்கி, பாட்டிலில் காகிதத்தை அளவுக்கு வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அந்தக் கல்வமும் குழவியும் பீங்கான்தான். பீங்கான் மருந்தை உறிஞ்சாது, மருந்தோடு சேர்ந்து கெடாது. சூளையில் வெந்த அந்தச் சின்னக் கிண்ணம் இல்லாமல் அன்றைய ஆஸ்பத்திரி இயங்கியிருக்காது.

எல்.எம்.பி.க்காரர்கள் சந்தோஷமாக இருந்தார்களா? அதுதான் இல்லை. பட்டம் பெற்றவர் அசிஸ்டன்ட் சர்ஜன், இவர் சப்-அசிஸ்டன்ட் சர்ஜன். அதே நோயாளி, அதே காலரா, ஆனால் சம்பளம் குறைவு, பதவி உயர்வும் குறைவு. 'எங்களையும் முழு டாக்டராக மதியுங்கள்' என்று அவர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தக் கோரிக்கைக்குக் கிடைத்த பதில் வேறு மாதிரி இருந்தது.

1946 - மூடிய கதவு

சென்னை மாகாணத்தில் கதவு முதலில் அசைந்தது 1938-ல். ராயபுரம் பள்ளி அந்த வருடம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. இனி டாக்டர் என்றால் பட்டம்தான் என்று மாகாண அரசு முடிவு செய்தது. வேலூர் பள்ளிக்கு இது பெரிய இடி. பணம் திரட்டி, ஆசிரியர் சேர்த்து, கட்டிடம் கட்டி 1942-ல்தான் பல்கலைக்கழக இணைப்பு வாங்க முடிந்தது. வயதான ஐடா ஸ்கடர் இதற்காக மறுபடியும் அமெரிக்காவில் நிதி திரட்ட அலைந்தார்.

பிறகு 1943-ல் அமைத்த போர் குழு (சர் ஜோசப் போர் தலைவர், சண்டை போர் இல்லை!) 1946-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவின் இன்றைய சுகாதார அமைப்புக்கே அதுதான் வரைபடம். அதில் உள்ள எண்களைப் பாருங்கள்.

1940-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பதிவு செய்த டாக்டர்கள் 47,524 பேர். அதில் பட்டம் பெற்றவர்கள் 17,654. மீதி 29,870 பேரும் எல்.எம்.பி. போன்ற உரிமம் பெற்றவர்கள். அதாவது நூற்றுக்கு 63 பேர் பல்கலைக்கழகம் போகாத டாக்டர்கள்! சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று நாடு இருந்தது.

இந்த நிலைமையில் குழு என்ன சொன்னது? இரண்டு வகை டாக்டர் வேண்டாம், பல்கலைக்கழகத்தில் படித்த ஒரே வகை 'அடிப்படை டாக்டர்' போதும், பள்ளிகளைக் கல்லூரியாக மாற்றுங்கள் என்றது. குழுவுக்குள்ளேயே சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் பற்றாக்குறை தீரும் வரையாவது குறுகிய படிப்பு இருக்கட்டும் என்று மறுப்பு எழுதினார்கள். எடுபடவில்லை. பழைய எல்.எம்.பி.க்காரர்கள் சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். புதிதாக எல்.எம்.பி. தயாரிப்பது நின்றது.

குழு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைக்கு அரை டாக்டர், பணக்காரனுக்கு முழு டாக்டரா என்ற கேள்வி கனமானது. ஆனால் நடந்தது என்ன? முழு டாக்டர் பட்டணத்தில் தங்கிவிட்டார், கிராமத்துக்கு அரை டாக்டரும் இல்லாமல் போனது. கிரீன் யாழ்ப்பாணத்தில் போட்ட கணக்கு பலித்துவிட்டது!

சீனா எதிர்த் திசையில் போனது. 1960-களின் கடைசியில் கிராமத்து இளைஞர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து 'வெறுங்கால் டாக்டர்' ஆக்கியது. ரஷ்யாவில் 'ஃபெல்ஷர்' என்ற உதவி வைத்தியர் ரொம்பப் பழைய ஏற்பாடு. இந்தியாவிலும் சத்தீஸ்கர் 2001-ல் மூன்று வருட மருத்துவப் படிப்பைக் கொண்டுவந்தது. பேருக்கு முன்னால் என்ன போடுவது, வேலை எங்கே என்ற சர்ச்சையிலேயே அது நின்றுபோனது. அஸ்ஸாமும் முயன்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-ல் அஸ்ஸாம் சட்டம் செல்லாது என்றானது. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 'சமுதாய சுகாதாரப் பணியாளர்' என்று ஒரு பிரிவு வந்தபோது டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். 1946-ல் முடிந்ததாக நினைத்த வாதம் இன்னும் முடியவில்லை.

கிராமத்து நர்ஸம்மா

டாக்டர் கதவு மூடினாலும் மற்ற கதவுகள் மூடவில்லை. சொல்லப்போனால் கிராமத்துக்கு வைத்தியம் வந்தது அந்தக் கதவுகள் வழியாகத்தான்.

1926-லேயே சென்னை மாகாணத்தில் நர்ஸ், மருத்துவச்சிகளைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில் ஏ.என்.எம். படிப்பு வந்தது. 1973-ல் கர்த்தார் சிங் குழு, அம்மைக்கு ஒருத்தர், மலேரியாவுக்கு ஒருத்தர், பிரசவத்துக்கு ஒருத்தர் என்று தனித்தனியாக அலைய வேண்டாம், எல்லாம் தெரிந்த பல்நோக்குப் பணியாளர் போதும் என்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர் என்ற ஏற்பாடு அப்படி உருவானது.

ஊரில் 'நர்ஸம்மா' என்றால் அவர்தான். எந்த வீட்டில் யார் எத்தனை மாதம், எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி, யாருக்கு ரத்தம் குறைவு எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். தமிழ்நாட்டில் பிரசவ மரணமும் சிசு மரணமும் குறைந்ததைப் பற்றி உலகமே பாராட்டுகிறது. அந்தப் பாராட்டில் பெரிய பங்கு இந்த நோட்டுக்குச் சேர வேண்டும். வீடு வீடாகப் போய்த் தோலில் தேமல் தேடி, தொழுநோயைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்த களப்பணியாளர்களுக்கும் அப்படித்தான்.

மதுரை இன்னொரு பாடம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கண் டாக்டர் நேரம்தான் இங்கே விலை உயர்ந்த சரக்கு, அதை ஆபரேஷனுக்கு மட்டும் செலவழிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மீதி வேலையை யார் செய்வது? கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையோடு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை சோதிப்பது, கண்ணாடி அளவு எடுப்பது, ஆபரேஷன் தியேட்டரில் துணை நிற்பது, நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது எல்லாம் அந்த 'சிஸ்டர்'களின் வேலை. உலகத்து மேலாண்மைக் கல்லூரிகள் அரவிந்தைப் பாடமாக வைத்திருப்பதற்கு இந்த வேலைப் பிரிவினையும் ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிற பெண் தன்னார்வலர்கள், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்.

அந்த அப்பாவுக்குப் பதில்

ஆக, "டாக்டர் ஆகலைன்னா என்ன இருக்கு?" என்பதற்கு இன்றைய பதில் நீளமானது. பிளஸ் டூ முடித்தவருக்கு இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம். நர்சிங். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் இரண்டு வருட டி.ஃபார்ம். பழைய கம்பவுண்டரின் வாரிசு இதுதான். 1948 மருந்தியல் சட்டத்துக்குப் பிறகு பதிவு இல்லாமல் மருந்து கொடுக்க முடியாது. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஈ.சி.ஜி., தியேட்டர் டெக்னீஷியன் என்று டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகள் உண்டு. ஏணியும் உண்டு. ஜி.என்.எம். முடித்தவர் பின்னால் பி.எஸ்ஸி. நர்சிங் போகலாம், டி.ஃபார்ம் முடித்தவர் பி.ஃபார்ம் இரண்டாம் வருடத்தில் சேரலாம்.

கிரீனின் பள்ளிக்கு வந்த கதி ஞாபகம் இருக்கிறதா? படிப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சட்டம் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'ஆறு மாதத்தில் நர்ஸ்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம், கவுன்சில் பதிவு இல்லாத ஒரு காகிதத்தில் முடிந்துவிடும். எனவே சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்தப் படிப்பை எந்தக் கவுன்சில் பதிவு செய்யும்? இந்தப் பள்ளியின் பெயர் அந்தக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா? பயிற்சிக்கு உண்மையான ஆஸ்பத்திரி இருக்கிறதா? நர்சிங்குக்கு நர்ஸ் கவுன்சில், மருந்துக்கு ஃபார்மசி கவுன்சில். மற்ற டெக்னீஷியன் படிப்புகளை ஒழுங்குபடுத்தத்தான் 2021-ல் தனிச் சட்டம் வந்தது. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது.

எல்.எம்.பி.க்காரர்கள் கேட்ட கேள்வியும் பாக்கி இருக்கிறது. வேலை வாங்கும்போது 'நீங்கதான் முதுகெலும்பு', சம்பளம் போடும்போது 'நீங்க டிப்ளமோதானே'! ஒப்பந்த நர்சுகளும் தன்னார்வலர்களும் இன்றைக்கும் சம்பள உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் போராட வேண்டியிருக்கிறது. பட்டம் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே வந்தவருக்கு உட்கார நாற்காலியும் போட வேண்டும்.

விருத்தாசலத்துச் சூளையில் அரைகுறையாக வெந்த பீங்கான் கரண்டைத் தாங்காது, வெடித்துவிடும். சரியாக வெந்தது மழையிலும் வெயிலிலும் கம்பத்தில் நிற்கும். அதை வேகவைத்தவர் பட்டதாரியா, டிப்ளமோவா என்று கம்பத்துக்குத் தெரியாது. 1835-லிருந்து இன்றுவரை நோயாளிக்கும் அது தெரியாது. தன் கையைப் பிடித்து நாடி பார்த்தவருக்கு வேலை ஒழுங்காகத் தெரிந்திருந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.